முகம் பார்க்கும் மெஷின், மரபணு டெஸ்ட், போலீஸ் செல்போன்: எதை மறுக்கலாம், எதைக் கேட்கலாம்?

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் கேட்டிருந்த கேள்வி இது: "எங்கள் கம்பெனியில் ரேகை மெஷினை எடுத்துவிட்டு முகம் பார்க்கும் மெஷின் வைத்திருக்கிறார்கள். அம்மாவை வேலூருக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போனால் மரபணு டெஸ்ட் என்று ரத்தம் எடுக்கிறார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்த தம்பியை நிறுத்தி, போலீஸ்காரர் செல்போனில் முகத்தைப் படம் பிடித்திருக்கிறார். இதில் எதையாவது வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறதா?"

வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூன்றுக்கும் சட்டம் வேறு வேறு. ஆனால் மூன்று இடத்திலும் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எடுத்ததை எங்கே வைக்கிறீர்கள், யார் திறந்து பார்க்கலாம், எப்போது அழிப்பீர்கள்? மெஷின் முன்னால் நிற்பதா, வேண்டாமா என்றுதான் எல்லோரும் சண்டை போடுகிறோம். உண்மையான ஆபத்து, எடுத்த பிறகு அதை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், வேறு எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஏ.டி.எம். பின் நம்பர் வெளியே போனால் அன்றைக்கே மாற்றிவிடலாம். விரலையும் முகத்தையும் மாற்ற முடியாது.

முதலில் கம்பெனி மெஷின். பழைய ரேகை மெஷின் உங்கள் விரலின் படத்தைப் பொதுவாக அப்படியே வைத்துக்கொள்வதில்லை. ரேகைக்கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று புள்ளிகளைக் குறித்து, அந்தப் பட்டியலைச் சேமிக்கும். முக மெஷினும் கண், மூக்கு, தாடை அமைப்பைச் சில நூறு எண்களாக மாற்றிக்கொள்ளும். "படமே இல்லை சார், வெறும் நம்பர்தான்" என்று மெஷின் விற்பவர் சொல்வார். பாதி உண்மை. அந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு ஏறக்குறைய அதே ரேகையைத் திரும்ப வரைய முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டி வெகு காலம் ஆகிறது. வருகைப்பதிவு முக மெஷின்கள் பலவற்றில் எண்களோடு நிஜப் படத்தையும் சேர்த்து வைக்கும் வசதி உண்டு. அதை அணைத்து வைத்திருக்கிறார்களா என்பது கம்பெனியின் விருப்பம்.

ரேகையில் இருந்து முகத்துக்கு மாறுவதை வெறும் மெஷின் மாற்றம் என்று நினைக்காதீர்கள். விரலை நீங்களாக வைத்தால்தான் மெஷினால் ரேகை எடுக்க முடியும். முகத்தைப் பத்தடி தள்ளியிருந்தே, உங்களுக்குத் தெரியாமல் எடுக்கலாம். இன்றைக்கு கேட்டில் இருக்கும் மென்பொருளை நாளைக்கு கேன்டீன் கேமராவிலும் பாத்ரூம் போகும் வழியில் இருக்கும் கேமராவிலும் இணைத்தால், யார் எத்தனை நிமிஷம் சீட்டில் இல்லை என்ற கணக்கு தானாக வந்துவிடும். அதற்குப் புதிதாக உங்களிடம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே கொடுத்த முகமே போதும்.

ஆனால் ரேகை மெஷினுக்காக யாரும் அழப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷெட்டுகளில் ரசாயனத்தில் கை வைப்பவர்களும், பசை ஒட்டுபவர்களும், பீடி சுற்றுபவர்களும் "ரேகை விழலை" என்று மெஷின் முன்னால் விரலைத் துடைத்துத் துடைத்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரேஷன் கடையில் 2020 அக்டோபரில் ரேகை முறை வந்தபோதும் இதே பாடுதான். பிறகுதான் கருவிழிக் கருவிகள் வந்தன. முக மெஷின் அந்தத் தொல்லையைக் குறைக்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதுதான் கேள்வி.

இப்போது சட்டம். 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னார்கள். அதன் தொடர்ச்சியாக 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும். அதுவரை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011-ஆம் ஆண்டு விதிகள் கையில் இருக்கின்றன. அந்த விதிகள் ரேகை, கருவிழி, முகம் போன்ற உடல் அடையாளங்களை "உணர்திறன் மிக்க தகவல்" என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், குறைதீர்க்கும் அலுவலர் ஒருவர் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது.

புதிய சட்டம் அந்தத் தனிப்பிரிவை எடுத்துவிட்டது. உங்கள் செல்போன் நம்பரும் கருவிழியும் அதில் ஒரே தட்டில்தான். அதைவிட மோசம் ஏழாம் பிரிவு: வேலை சம்பந்தப்பட்ட காரணங்களுக்காகவும், முதலாளிக்கு நஷ்டம் வராமல் காப்பதற்காகவும் தொழிலாளியின் தரவைச் சம்மதம் இல்லாமலேயே பயன்படுத்தலாம் என்கிறது. எனக்குத் தெரிந்து இந்தச் சட்டத்தின் மிகப்பெரிய ஓட்டை இதுதான். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 2008-லேயே உடல் அடையாளங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டு, எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் எடுத்தால் பாதிக்கப்பட்டவரே நேராக வழக்குப் போடலாம் என்று வைத்தார்கள். முகத்தைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்லும் வசதிக்காக ஃபேஸ்புக் அங்கே 65 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. நம் புதிய சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அது அரசுக்குப் போகும். உங்களுக்கு நஷ்டஈடு கிடையாது.

ஆக, நீங்கள் தனியாகப் போய் "நான் முகம் காட்ட மாட்டேன்" என்று சொல்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சம்பளம் அதில்தான் தொங்குகிறது என்னும்போது அந்தச் சம்மதத்துக்கும் மறுப்புக்கும் பெரிய அர்த்தம் இல்லை. சங்கம் இருந்தால் சங்கம், இல்லையென்றால் லைனில் இருக்கும் பத்துப் பேர் சேர்ந்து, எச்.ஆருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். எதிர்ப்புக் கடிதம் வேண்டாம், கேள்விக் கடிதம். மெஷின் கம்பெனிக்குள்ளேயே சேமிக்கிறதா, வெளியில் வேறு நிறுவனத்தின் சர்வரில் சேமிக்கிறதா? படம் சேமிக்கப்படுகிறதா? கேட்டைத் தவிர வேறு கேமராவோடு இணைப்பு உண்டா? வேலையை விட்டவர்களின் பதிவு எத்தனை நாளில் அழிக்கப்படும்? அடையாள அட்டையைத் தேய்க்கும் மாற்று வழி உண்டா? ஒப்புகைக் கையெழுத்தோடு ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். இந்தப் பக்கத்துக் கம்பெனிகள் பெரும்பாலும் ஏற்றுமதிக்குத் தைப்பவை. வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கைக்காரர் வரும்போது எழுத்தில் பதில் இல்லாத கடிதம் ஒன்று கோப்பில் இருப்பதை எந்த நிர்வாகமும் விரும்பாது. சட்டத்தை விட இது வேகமாக வேலை செய்யும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கம்பெனி கேட்டில் இருக்கும் மெஷின் சாதாரணமாக ஆதாரோடு இணைந்தது அல்ல. அது அவர்கள் சொந்தமாக வைத்திருக்கும் பட்டியல். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆதார் சட்டத்தின் 57-ஆம் பிரிவில், தனியார் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட பகுதியை ரத்து செய்தது. ஆனால் பி.எஃப். கணக்குக்குப் புதிதாக யு.ஏ.என். என்ற நிரந்தர எண் எடுக்க 2025 ஆகஸ்டு முதல் உமங் என்ற அரசுச் செயலியில் முகம் காட்டச் சொல்கிறார்களே, அது ஆதார் சரிபார்ப்புதான். அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கும் தாய்மார்களுக்கு முகம் பார்ப்பதும் அந்த வழியில்தான். ஆதார் செய்வது "நீ சொல்லும் ஆள் நீதானா" என்று பார்க்கும் சோதனை. போலீஸ் செய்வது "இந்தக் கூட்டத்தில் நிற்கும் இவன் யார்" என்று தேடும் வேட்டை. பிழையும் அபாயமும் இரண்டாவதில் பல மடங்கு.

அது ஏன் என்பதற்குத்தான் உங்கள் தம்பி விஷயம். பத்தாயிரத்தில் ஒரு முறை மட்டும் தவறும் மென்பொருள் என்றால் நல்ல மென்பொருள் போலத் தோன்றும். ஆனால் பத்து லட்சம் முகம் உள்ள பட்டியலில் ஒரு முகத்தைத் தேடினால், சம்பந்தமே இல்லாத நூறு பேர் "பொருந்துகிறது" என்று வந்து நிற்பார்கள். டெல்லி போலீஸ் 80 சதவீதம் ஒத்துப்போனாலே பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் சொல்லியிருக்கிறது. அதிலும் கறுத்த முகங்களில் இந்த மென்பொருள்கள் அதிகம் தவறுகின்றன. 2018-ல் வந்த ஓர் ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வேலையில்கூட, வெள்ளை நிற ஆண்களுக்கு ஒரு சதவீதத்துக்குள் இருந்த பிழை, கறுத்த பெண்களுக்கு 34 சதவீதத்தைத் தாண்டியது. நம் ஊர் நிறத்தை நினைத்துப் பாருங்கள்.

தமிழ்நாடு காவல்துறை 2021-ல் மாநிலம் முழுக்க முக அடையாள மென்பொருளைக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அந்த இணையதளத்துக்குள் வெளியாள் புகுந்ததும், நிர்வாகக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் களவு போனதும் செய்தியாக வந்தது. போலீஸ் வைத்திருப்பதால் பத்திரம் என்ற வாதம் அத்தோடு போயிற்று.

சரி, தெருவில் நிறுத்திப் படம் எடுக்கலாமா? 2022-ல் வந்த குற்ற நடைமுறை அடையாளச் சட்டம், 1920-ஆம் ஆண்டுக் கைதிகள் சட்டத்தின் இடத்தில் உட்கார்ந்தது. ரேகை, உள்ளங்கை, பாதம், புகைப்படம், கருவிழி, கையெழுத்து, உயிரியல் மாதிரி வரை "அளவுகள்" என்று சேர்த்துக்கொண்டது. எடுத்ததை 75 வருஷம் வைத்திருக்கலாம். ஆனால் யாரிடம் எடுக்கலாம் என்றால் தண்டனை பெற்றவர், கைதானவர், தடுப்புக் காவலில் உள்ளவர், நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுக்க உத்தரவானவர், அல்லது விசாரணைக்குத் தேவை என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட்டவர். ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும் பையன் இந்தப் பட்டியலில் இல்லை. "எந்த வழக்கில், எந்தப் பிரிவில் எடுக்கிறீர்கள் ஐயா?" என்று மரியாதையாகக் கேட்க அவனுக்கு உரிமை உண்டு. நடு ராத்திரியில் கேட்பது புத்திசாலித்தனமா என்பது வேறு. இடம், நேரம், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு மறுநாள் எஸ்.பி. அலுவலகத்துக்கு எழுதுவது எனக்குச் சரியாகப் படுகிறது. கைதாகிவிட்டால் கதை வேறு: அளவு கொடுக்க மறுப்பதே குற்றம். அப்போதும், ஏழு வருஷத்துக்குக் குறைந்த தண்டனை உள்ள வழக்கில், பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றமாக இல்லாவிட்டால், ரத்தம் போன்ற உயிரியல் மாதிரி கொடுக்கக் கட்டாயமில்லை. இதைப் பல வக்கீல்களே மறந்துவிடுகிறார்கள். இன்னொன்றும் மறக்கிறார்கள்: முன் தண்டனை இல்லாதவர் விடுதலையானால் அந்தப் பதிவுகளை அழிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தானாக நடக்கும் என்று இருக்காதீர்கள். தீர்ப்பு நகலோடு மனு கொடுங்கள்.

உடம்பின் பதிவை முன்கூட்டியே எடுத்து ஒரு கூட்டத்தையே சந்தேகப் பட்டியலில் வைப்பது நமக்குப் புதிதல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பக்கம் ரேகைச் சட்டம் என்றுதான் சொன்னார்கள். ரேகை கொடுக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. எதற்கு ரேகை என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஒருமுறை கொடுத்தால் அப்புறம் ராத்திரி ஊரைவிட்டுப் போவதற்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

இனி ஆஸ்பத்திரி. இதில் என் பதில் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம்: டெஸ்டை மறுக்காதீர்கள். டாக்டர் வைத்தியத்துக்குக் கேட்கிறார் என்றால் எடுக்கத்தான் வேண்டும். சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் குடும்பங்களில் மறைந்திருக்கும் மரபுக் குறைபாடுகள் வெளிப்பட வாய்ப்பு அதிகம்; அவற்றில் பலவற்றைக் கண்டுபிடிக்க இந்த டெஸ்ட் உதவும். ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய்க்கான மரபணு சிகிச்சையை ஐந்து பேருக்குச் செய்து 2024 டிசம்பரில் உலகத்துக்குச் சொன்னது நம் வேலூர் சி.எம்.சி.தான். யாரோ மாதிரி கொடுக்காமல் இது எதுவும் நடந்திருக்காது.

ஆனால் சிகிச்சைக்கான கையெழுத்தும் ஆராய்ச்சிக்கான கையெழுத்தும் வேறு வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள்படி, ஆராய்ச்சிக்கு மறுத்தாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது, பாதியில் விலகவும் செய்யலாம். காகிதத்தை நீட்டும்போது அது எந்தக் கையெழுத்து என்று கேளுங்கள். மிச்ச மாதிரியைச் சேமித்து வைப்பீர்களா, பெயரோடா, பெயர் இல்லாமலா, வெளியில் யாருக்காவது கொடுப்பீர்களா என்று கேளுங்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டி விளக்கச் சொல்வது உங்கள் உரிமை.

இதில் நான் இத்தனை கவனம் சொல்வதற்குக் காரணம், டி.என்.ஏ. உங்கள் ஒருவருடையது மட்டும் அல்ல. உடன்பிறந்தவர்களுக்குள் ஏறத்தாழ பாதி பொது. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளுக்குள் எட்டில் ஒரு பங்கு. அக்கா மகளைக் கட்டி, அத்தை மகனைக் கட்டி மூன்று தலைமுறை வந்த குடும்பத்தில் அதைவிட அதிகம். ஒருவர் கொடுத்தால் சொந்தபந்தம் அத்தனையும் கொடுத்த மாதிரி. கலிபோர்னியாவில் பல வருஷம் சிக்காத கொலைகாரனை 2018-ல் பிடித்தது அவன் மாதிரியைப் பட்டியலில் வைத்தல்ல. வம்சாவளி தேடும் ஒரு தளத்தில் தூரத்துச் சொந்தக்காரர்கள் ஏற்றியிருந்ததை வைத்து. நல்ல காரியம்தான். ஆனால் 23அண்ட்மீ என்ற அமெரிக்க நிறுவனத்தில் 2023-ல் திருடர்கள் நேரடியாகப் புகுந்தது சுமார் 14 ஆயிரம் கணக்குகளில். "உறவினரைத் தேடு" என்ற வசதி வழியாக வெளியே போனதோ 69 லட்சம் பேரின் விவரம். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டபோது, இந்தத் தரவு யார் கைக்குப் போகும் என்று வாடிக்கையாளர்கள் பதறினார்கள். பாரம்பரியம் எந்த நாடு என்று பார்க்கலாம் என்று எச்சில் குப்பி அனுப்பச் சொல்லும் விளம்பரங்களை நம் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். அதற்கு மட்டும் என் பதில் தயக்கமில்லாமல் வேண்டாம்.

இந்தியாவில் டி.என்.ஏ.-வுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2019-ல் கொண்டுவந்த மசோதாவை 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மசோதாவில் பல குறைகள் இருந்தன, ஆனால் அதில் கண்காணிக்க ஒரு வாரியமாவது இருந்தது. இப்போது 2022 சட்டத்தில் "உயிரியல் மாதிரி, அதன் ஆய்வு" என்ற சில சொற்களில் டி.என்.ஏ. பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே வந்துவிட்டது. குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் டி.என்.ஏ.-வைப் பொத்தாம்பொதுவாக வைத்திருப்பது தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008-லேயே பிரிட்டனுக்குச் சொன்னது. நம் நீதிமன்றங்களில் அந்த அளவுக்குத் தெளிவான வரி மூளைக்குத்தான் கிடைத்திருக்கிறது: 2010-ல் செல்வி வழக்கில், சம்மதம் இல்லாமல் உண்மை கண்டறியும் ஊசியோ மூளை வரைபடமோ கூடாது என்றார்கள். ரேகை கொடுப்பது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வது ஆகாது என்று 1961-லேயே முடிவாகிவிட்டது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவோடு தங்க வேலூரில் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் லாட்ஜ் எடுத்தால் முதலில் கேட்பது ஆதார் ஜெராக்ஸ். முழு எண்ணோடு கொடுக்காதீர்கள். முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதார் பிரதி, ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். கண்ட இடத்தில் ஜெராக்ஸ் கொடுக்காதீர்கள் என்று 2022 மே மாதம் அவர்களே ஓர் அறிவிப்பு விட்டு, இரண்டே நாளில் வாபஸ் வாங்கினார்கள். அறிவிப்பு போனாலும் புத்திமதி நல்லதுதான். ஏன் என்றால், ஊரில் பேங்க் மித்ரா என்ற வங்கி முகவரிடம் பணம் எடுக்க ஆதார் எண், வங்கியின் பெயர், ஒரு விரல், இவ்வளவு போதும், ஓ.டி.பி. கிடையாது. தெலங்கானாவில் 2018-ல் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை எடுத்து ரப்பர் விரல் செய்தது பிடிபட்டது. கர்நாடகாவிலும் பின்னால் பதிவு ஆவணங்களில் இருந்தே ரேகை எடுத்து வங்கிக் கணக்குகளைக் காலி செய்தார்கள்.

இதற்கு உடனே செய்யக்கூடியது, ஆதார் ஆணையத்தின் செயலியிலோ தளத்திலோ உடல் அடையாளத்தைப் பூட்டி வைப்பது. ரேகை, கருவிழி, முகம் மூன்றும் பூட்டப்படும்; ஓ.டி.பி. வழக்கம்போல வேலை செய்யும். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதாரை யார் எப்போது சரிபார்த்தார்கள் என்ற பட்டியலையும் அங்கேயே பார்க்கலாம். தெரியாத பெயர் இருந்தால் ஆதார் உதவி எண் 1947-க்குக் கூப்பிடுங்கள். அம்மாவின் ஆதாரையும் பூட்டிவிடுங்கள், ஆனால் அவர் ரேஷன் கடைக்குப் போகும் நாளில் திறக்க மறந்துவிடாதீர்கள். தற்காலிகமாகத் திறந்தால் பத்து நிமிஷத்தில் திரும்பப் பூட்டிக்கொள்ளும். அதனால் வரிசையில் அவர் முறை வரும்போது போனில் திறந்தால் போதும்.